வேடன் காட்டிய வழி

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்தப் பழமொழியைச் சொல்லாத தமிழர் இல்லை. அரசியல் மேடையிலும் சொல்கிறோம். பங்காளிச் சண்டையிலும் சொல்கிறோம். யாராவது நம்மிடம் சற்று அதிகமாகப் பரிவு காட்டினால் போதும், உடனே நமக்கு ஓநாயின் ஞாபகம் வந்துவிடுகிறது. ஆனால் இப்படிச் சொல்கிறவர்களில் ஓநாயைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறுவது சந்தேகம். பிராணி கண்ணை விட்டு மறைந்துவிட்டது. பழமொழி மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

பழமொழி செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆட்டைப் பறிகொடுத்தவன் ஓநாயைப் பற்றி வேறு எப்படிப் பேசுவான்? ஆயினும் அந்தப் பழமொழிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வேட்டையாடும் பிராணி ஒழிந்தால் வேட்டையாடப்படும் பிராணி சுகமாக வாழும் என்பதே அந்தக் கணக்கு. பார்வைக்கு மிகவும் நியாயமான கணக்குத்தான். ஒரு சமயம் உலகம் முழுவதும் சர்க்கார்கள் இந்தக் கணக்கை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் செலவழித்திருக்கின்றன. ஆனால் சரித்திரமோ அது தப்புக் கணக்கு என்று இடத்துக்கு இடம் காட்டியிருக்கிறது.

அந்தச் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பிப்பதற்குக் காஞ்சீபுரத்தை அடுத்த செவிலிமேட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரின் ஓரத்தில் ஓநாய்க்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே ஓநாய் இல்லை. ஆனால் ஒரு வேடன் இருக்கிறான்.

*

செவிலிமேடு காஞ்சீபுரத்துக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது. இப்போது காஞ்சீபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. அங்கே சாலைக் கிணறு என்று ஒரு கிணறு உண்டு. வைஷ்ணவர்களுக்கு அது வெறும் கிணறு அல்ல.

ஸ்ரீராமானுஜர் இளம் வயதில் யாதவப்பிரகாசர் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டார். சிஷ்யனுடைய புத்தி தம்முடைய புத்தியைவிடக் கூர்மையாயிருப்பதைச் சில ஆசிரியர்களால் சகிக்க முடியாது. யாதவப்பிரகாசரும் அப்படிப்பட்டவர். காசி யாத்திரை என்று அழைத்துக்கொண்டு போய்க் கங்கையில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தாராம். விந்திய மலைக் காட்டில் போய்க்கொண்டிருந்தபோது, சித்தி மகனான கோவிந்தன் ராமானுஜரிடம் ரகசியத்தைச் சொல்லித் தப்பிப் போகச் சொன்னான். ராமானுஜர் கூட்டத்தைப் பிரிந்தார். திக்குத் தெரியாத காடு; துஷ்ட மிருகங்களின் பயம்; துணைக்கு ஒருவரும் இல்லை. அப்போது ஒரு வேடனும் வேடுவச்சியும் எதிரே வந்து, “எங்களோடு வா” என்று அழைத்துச் சென்றார்கள். இரவு ஓரிடத்தில் தங்கினார்கள். வேடுவச்சிக்குத் தாகம் எடுத்தது. விடிந்ததும் ராமானுஜர் பக்கத்திலிருந்த கிணற்றிலிருந்து மூன்று முறை கையால் நீர் முகந்து வந்து கொடுத்தார். நாலாவது முறை வந்து பார்த்தபோது இருவரையும் காணோம். நிமிர்ந்து பார்த்தால் வரதராஜர் கோயில் தெரிகிறது! வழி காட்டியவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று உணர்ந்து, அன்று முதல் அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் வரதனுக்குத் தீர்த்தம் சுமந்து கைங்கரியம் செய்தார். குருபரம்பரை சொல்லும் வரலாறு இது.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. பகவான் வழிப்போக்கனாக வந்திருக்கலாம். வாள் ஏந்திய வீரனாக வந்திருக்கலாம். யாரும் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் காட்டில் வழி தெரிந்தவன் வேடன்தான் என்று நம் முன்னோர் தீர்மானித்திருக்கிறார்கள். கொல்லுகிற தொழிலை உடையவன் என்பதற்காக அவனை ஒதுக்கி வைக்கவில்லை. காட்டின் ஒழுங்கில் அவனுக்கும் ஓர் இடம் கொடுத்து, அந்த இடத்தில் பெருமாளையே நிறுத்தினார்கள்.

இதே தொண்டை நாட்டில் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரும், 12-ஆம் நூற்றாண்டில், ஒரு வேடனைப் பாடினார். கண்ணப்பர் கதை எல்லோருக்கும் தெரியும். கண்ணை அப்பிய கட்டம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வரும் வேட்டை வர்ணனையைச் சற்று நிதானமாகப் படித்தவர்கள் ஓர் ஆச்சரியமான செய்தியைக் காண்பார்கள். அந்த மறவர்கள் எதையும் கொல்லத் துணிந்தவர்கள்தான். ஆனாலும் யானைக் கன்றைத் தொடரமாட்டார்கள். சிறு குட்டிகளைக் கொல்லமாட்டார்கள். கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைமானைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். வேடனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தின் கருத்து, நாளைக்கும் காட்டில் மான் இருக்க வேண்டும் என்பது.

மனித வேடனுடைய சட்டம் அது. நாலு கால் வேடனுடைய சட்டம் வேறு.

*

நாலு கால் வேடனைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஓநாய், செந்நாய், நரி மூன்றையும் நாம் ஒன்றாகக் கலந்து பேசுகிறோம். மூன்றும் ஒரே குடும்பந்தான். ஆனால் பங்காளிகள் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள். செந்நாய் மரங்கள் அடர்ந்த காட்டில் கூட்டமாக வாழ்வது. முதுமலையில் புள்ளிமானை விரட்டுகிறது. நம் அகப்பொருள் இலக்கணக்காரர்கள் பாலைத் திணைக்குச் சொன்ன மிருகங்களில் அதுவும் ஒன்று. நரி ஊரை ஒட்டி வாழ்ந்து, கிடைத்ததைத் தின்று காலம் தள்ளுவது. ஓநாயோ வெட்டவெளிப் பிராணி. புல்லும் முட்செடியும் கரம்பும் மேடும் பள்ளமுமான நிலமே அதற்கு வீடு. 1831-ஆம் ஆண்டில் கர்னல் ஸைக்ஸ் என்பவர் தக்காண பூமியில் இதைப் பார்த்துச் சாஸ்திர முறையில் வர்ணித்தார். சீமை ஓநாயைவிடச் சற்றுச் சிறியது, ரோமம் குறைந்தது, பெருங்கூட்டமாக அலையாமல் இரண்டும் மூன்றுமாகத் திரிவது.

அப்படிப்பட்ட நிலம் தமிழனுக்குப் புதிதல்ல. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று சொன்னோமே, அந்த முல்லைக் காடு யானை புகுந்தால் தெரியாத அடவி அல்ல. ஆடு மாடு மேய்கிற வெளி. ஆயர்களின் நாடு அது. பழைய தொண்டை மண்டலத்திலும் மேய்ப்பர்களான குறும்பர்களே ஆதியில் இருந்தார்கள் என்றும், 24 கோட்டங்களும் அவர்களுடைய கோட்டைகளிலிருந்து ஏற்பட்டவை என்றும் கர்ண பரம்பரை சொல்கிறது. பிறகு காஞ்சியில் ஆண்ட பல்லவர்களுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு: காடுவெட்டி. நகரங்களும் ஏரிகளும் கோயில்களும் கண்ட அரசர்கள் காட்டை வெட்டியதையே தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அக்காலத்தில் அது பெருமைதான். காடு பெரிது, கோடரி சிறிது.

வெளியில் வாழும் ஓநாய்க்கு இரை, வெளியில் வாழும் வெளிமான். முறுக்கிய கொம்பும், ஆணுக்குக் கறுப்பும் வெள்ளையுமான உடலும் கொண்ட அழகான பிராணி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்கிறார்கள். இந்த வேகம் எங்கிருந்து வந்தது? பல்லாயிரம் தலைமுறைகளாக ஓநாயும் சிவிங்கிப்புலியும் துரத்தித் துரத்திக் கற்றுக்கொடுத்த பாடம் அது. மெதுவாக ஓடியவை சந்ததி வைக்காமல் போயின. ஆகவே மானுடைய கால்களைச் செதுக்கிய சிற்பி யார் என்று கேட்டால், ஓநாய் என்று பதில் சொல்ல வேண்டியதுதான்.

குஜராத்தில் பாவ்நகருக்கு அருகே வேலாவதர் என்ற புல்வெளி இருக்கிறது. பாவ்நகர் மகாராஜாக்களின் வேட்டைப் புலமாக இருந்தது. 1976-இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான். வெளிமானும் ஓநாயும் இன்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதைப் பார்க்கக்கூடிய சில இடங்களில் அது ஒன்று. அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் ஓநாயின் சட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். பெரிய ஆண்மானை ஓடிப் பிடிப்பது ஓநாய்க்குச் சுலபமல்ல. புல்லுக்குள் படுத்திருக்கும் குட்டி, கிழடு, நோயாளி, காயம் பட்டது, சண்டையில் களைத்தது, இவைதான் பெரும்பாலும் அதன் பங்கு. கண்ணப்பரின் வேடர்கள் குட்டியை விட்டார்கள். ஓநாய் குட்டியைத் தேடுகிறது. ஆனால் இரண்டு சட்டத்துக்கும் பலன் ஒன்றுதான்: மந்தையைப் பெருக்கக்கூடிய திடமான தாய்மான்கள் பெரும்பாலும் மிஞ்சுகின்றன. நோயாளி மான் மந்தைக்குள் நோயைப் பரப்புமுன் அகற்றப்படுகிறது.

இன்னொரு பலனும் உண்டு. அதை நம்முடைய கீதாரிகள் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். ஆட்டுக் கிடையை ஒரே வயலில் பத்து நாள் மறித்தால் என்ன ஆகும்? புல் வேரோடு போகும், மண் புழுதியாகும். அதனால்தான் கிடையை இடம் மாற்றி இடம் மாற்றிப் போடுகிறார்கள். காட்டு மந்தைக்குக் கீதாரி ஏது? பயந்தான் கீதாரி. ஓநாய் உலவும் வெளியில் மான் கூட்டம் ஓரிடத்தில் நிம்மதியாக நின்று கடைசி முளை வரை மேயமுடியாது. தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். இடம் மாற வேண்டும். அது நகர்ந்த இடத்தில் புல் மூச்சு விடுகிறது.

*

இந்த ஏற்பாட்டுக்குள் வெள்ளைக்காரத் துரைத்தனம் வந்து புகுந்தது. வயலிலிருந்து வரி வேண்டும். வயல் பெருக வேண்டும். புலியும் சிறுத்தையும் ஓநாயும் அதற்கு இடைஞ்சல். ஆகவே கொன்று கொண்டுவரும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு வெகுமதி என்று ஜில்லாவுக்கு ஜில்லா விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. கொண்டுவந்த தோலுக்கும் தலைக்கும் கச்சேரியில் பணம் கொடுத்தார்கள். சரித்திர ஆசிரியர் மகேஷ் ரங்கராஜன் இந்தக் கணக்குகளை ஆராய்ந்திருக்கிறார். 1875 முதல் 1925 வரை 50 ஆண்டுகளில் இந்தியாவில் 80,000-க்கு மேற்பட்ட புலிகளும், 1,50,000-க்கு மேற்பட்ட சிறுத்தைகளும், சுமார் 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன என்பது அவருடைய மதிப்பீடு. இந்தப் பட்டியலில் முதலிடம் ஓநாய்க்கு என்பதைக் கவனிக்க வேண்டும். புலியைச் சுட்ட துரை காலை அதன் தலைமேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். ஆகவே புலியின் சாவு நமக்குத் தெரியும். ஓநாயோடு யாரும் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஓநாய் ஆட்டை மட்டும் தூக்கவில்லை. வட இந்தியாவில் வீட்டு வாசலில் படுத்திருந்த குழந்தைகளையும் தூக்கியிருக்கிறது. பழங்கதை அல்ல, 2024-ஆம் ஆண்டிலேயே உத்தரப் பிரதேசத்தில் பஹ்ரைச் ஜில்லாவில் ஓநாய்களால் குழந்தைகள் பலர் மாண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இயற்கையின் சமநிலையைப் பற்றி உபந்நியாசம் செய்கிறவனுக்கு இருதயம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மனிதனைப் பிடிக்கப் பழகிய ஓநாயை அகற்ற வேண்டியதுதான். ஆனால் ஓர் ஓநாய் செய்த குற்றத்துக்காக ஓநாய் என்ற ஜாதியையே தூக்கில் போடலாமா என்பது வேறு கேள்வி. தூக்கில் போட்டுப் பார்த்த தேசம் ஒன்று இருக்கிறது. அது அமெரிக்கா.

*

1872-இல் அமெரிக்கர்கள் எல்லோஸ்டோன் என்ற பிரதேசத்தை உலகத்தின் முதல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பூங்கா என்றால் மான் துள்ள வேண்டும், ஓநாய் எதற்கு? செத்த மாட்டின் இறைச்சியில் ஸ்ட்ரிக்னின் விஷத்தைத் தடவி வைப்பது அந்த நாட்டில் வழக்கமாயிருந்தது. நம் ஊர் எட்டிக் கொட்டையில் இருக்கும் விஷந்தான் அது. பிறகு சர்க்கார் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியுடனும் பொறியுடனும் வந்தார்கள். 1914 முதல் 1926 வரையில் பூங்காவுக்குள் குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. அத்தோடு அங்கே ஓநாய் பூண்டற்றுப் போயிற்று.

மான்களுக்கு ராமராஜ்யம் வந்திருக்க வேண்டும் அல்லவா? எல்க் என்னும் பெரிய மான்கள் பெருகின. பெருகினவை ஓடைக்கரையின் இளஞ்செடிகளைக் கடித்துக் கடித்து வளரவிடாமல் செய்தன. அந்தச் செடிகளை நம்பி ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற கொறிக்கும் பிராணி குறைந்தது. பனிக்காலத்தில் மேய்ச்சல் போதாமல் மான்கள் மெலிந்து செத்தன. கடைசியில் பூங்காக்காரர்களே துப்பாக்கியைத் தூக்கி, ஓநாய் செய்துவந்த வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் மான்களைச் சுட்டார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டதால் 1960-களின் இறுதியில் அதையும் நிறுத்தினார்கள்.

அல்டோ லியோபோல்டு என்ற வன அதிகாரியின் மனமாற்றமும் இந்தச் சரித்திரத்தில் சேர்ந்தது. 1909-ஆம் ஆண்டு வாக்கில் அவர் அரிசோனா மலைகளில் இளைஞராக வேலை பார்த்தார். ஓநாய் குறைந்தால் மான் கூடும், ஓநாயே இல்லாவிட்டால் அது வேட்டைக்காரரின் சொர்க்கம் என்று நம்பி, கண்ட ஓநாயைச் சுட்டவர். பிறகு பல மலைகளில் ஓநாய் ஒழிந்ததையும், மான் பெருகியதையும், மலைச்சரிவுகள் மொட்டையானதையும், பட்டினியால் செத்த மான்களின் எலும்புகளையும் தம் கண்ணாலேயே பார்த்தார். மான் ஓநாய்க்குப் பயந்து வாழ்வதைப் போல, மலை மானுக்குப் பயந்து வாழ்கிறது என்ற கருத்தை எழுதிவைத்துவிட்டு 1948-இல் காலமானார். அவருடைய புத்தகம் மறு ஆண்டுதான் வெளிவந்தது.

அவர் எழுதியதைச் செயலில் காட்ட இன்னும் 46 ஆண்டுகள் சென்றன. 1995-இல் கனடாவிலிருந்து 14 ஓநாய்களையும், அடுத்த ஆண்டில் 17 ஓநாய்களையும் எல்லோஸ்டோனில் கொண்டுவந்து விட்டார்கள். வடபகுதியில் சுமார் 19,000 என்று எண்ணப்பட்ட எல்க் மான்கள் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 4,000-க்கு இறங்கின. சில இடங்களில் ஓடைக்கரைச் செடிகள் மறுபடியும் தலைநிமிர்ந்தன. உலகம் முழுவதும் இது ஓர் அற்புதக் கதையாகப் பரவியது.

இந்த இடத்தில் விஞ்ஞானிகள் நம்மைச் சற்று நிறுத்துகிறார்கள். மான் குறைந்ததற்கு ஓநாய் மட்டும் காரணமல்ல. கரடியும், மலைச்சிங்கமும், மழையில்லாத ஆண்டுகளும், பூங்காவுக்கு வெளியே மனிதருடைய வேட்டையும் சேர்ந்தே காரணம் என்கிறார்கள். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொல்கிறார்கள். 70 ஆண்டு ஓநாய் இல்லாத காலத்தில் பீவர்களின் அணைகள் அழிந்து, ஓடைகள் ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடி, கரையில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. இப்போது மான் குறைந்தும் பல இடங்களில் செடி பழையபடி வளரவில்லை. எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது கடைச் சரக்குக்குப் பொருந்தலாம், காட்டுக்குப் பொருந்தாது. தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி உடனே முடிந்துவிடுகிறார். அறுந்த இழையோடு பத்து முழம் நெய்துவிட்டு அப்புறம் முடிந்தால், அந்தப் பத்து முழமும் பழுது பழுதுதான்.

சமநிலை என்று நாம் சொல்லும்போது, செட்டியார் கடைத் தராசு போல அசையாமல் நிற்கும் ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். அதுவும் சரியல்ல. சுப்பீரியர் ஏரியின் நடுவே ஐல் ராயல் என்ற தீவில் ஓநாய்களையும் மூஸ் என்னும் பிரமாண்டமான மான்களையும் 1958 முதல் கணக்கெடுத்து வருகிறார்கள். இரண்டும் ஒரு நாளும் ஒரே எண்ணிக்கையில் நின்றதில்லை. ஊஞ்சலைப் போல ஏறியும் இறங்கியும் ஆடியபடி இருந்தன. 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. 1982-இல் 14 ஆகிவிட்டன. வெளியிலிருந்து வந்த நாயின் வழியாகத் தொற்றிய நோயே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. நடுவே ஒரு நாய் புகுந்தால் ஊஞ்சல் சங்கிலி அறுந்து போகும். இந்த நாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் அது வரப்போகிறது.

*

அமெரிக்காவுக்குப் போய்த்தான் இதைக் காண வேண்டும் என்பதில்லை. செவிலிமேட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் சென்னைக் கிண்டி இருக்கிறது. கவர்னர் மாளிகையைச் சேர்ந்த அந்தக் காட்டில் வெளிமான்கள் உண்டு. வில்லிங்டன் பிரபு கவர்னராயிருந்த 1919 முதல் 1924 வரையிலான காலத்தில் கொண்டுவந்து விட்டவை என்பார்கள். பிறகு புள்ளிமான்களையும் கொண்டுவந்து விட்டார்கள். சுற்றிலும் நகரம் வளர்ந்தது. காட்டின் ஒரு பெரும் பகுதியில் 1959-இல் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. மிஞ்சிய காட்டில் 2.7 சதுர கிலோமீட்டர் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று.

ஓநாய் இல்லை, செந்நாய் இல்லை, சிறுத்தை இல்லை. சில நரிகள் மட்டும் உண்டு. மானுக்கு இதைவிடப் பத்திரமான இடம் ஏது? ஆனால் பத்திரம் இரண்டு மானுக்கும் ஒரே மாதிரி பலிக்கவில்லை. எதையும் தின்று எங்கும் ஒண்டும் புள்ளிமான் பெருகியது. திறந்த புல்வெளியையே நம்பி வாழும் வெளிமானோ, செடியும் மரமும் புல்தரையை நெருக்க நெருக்க, பழைய போலோ மைதானம் போன்ற சிறு வெளிகளில் ஒதுங்கி நின்றது. கோடியக்கரையில் 1967-இல் ஏற்பட்ட சரணாலயத்திலும் வெளிமான் இருக்கிறது. அங்கே அதற்குப் போட்டி யார் தெரியுமா? காட்டில் திரியும் குதிரைகளும், மேயவரும் மாடுகளும், எங்கும் பரவும் சீமைக் கருவேலும். ஓநாயிடமிருந்து தப்பத் தெரிந்த மானுக்குச் சீமைக் கருவேலிடமிருந்து தப்பத் தெரியவில்லை. எவரும் துரத்தாத வெளியில் அது இன்னும் 80 கிலோமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது.

*

ராமானுஜர் கதைக்கு இன்னொரு பாகம் உண்டு. பிற்காலத்தில் சோழ மன்னனுடைய கோபத்துக்குத் தப்பி, அவர் ஸ்ரீரங்கத்தை விட்டு மேற்கே நடந்தார். மழையிலும் பசியிலும் நாட்கணக்காக நடந்த அந்தக் கூட்டத்தை மலையடிவாரத்தில் வேடர்கள் கண்டு, தேனும் தினைமாவும் கொடுத்துப் பசி தீர்த்தார்கள் என்று குருபரம்பரை சொல்கிறது. இரண்டாம் முறையும் அவரைக் காப்பாற்றியவர்கள் வேடர்களே. அங்கிருந்து மைசூர்ச் சீமைக்குப் போய், மேலுக்கோட்டை என்னும் திருநாராயணபுரத்தில் 12 ஆண்டுகள் இருந்தார் என்பது சம்பிரதாயம்.

அந்த மேலுக்கோட்டையைச் சுற்றியுள்ள கரடுகளிலும் புதர்க்காட்டிலும் 1974-ஆம் ஆண்டில் கர்நாடக சர்க்கார் ஒரு சரணாலயம் அமைத்தது. மேலுக்கோட்டைக் கோயில் வனவிலங்குச் சரணாலயம் என்று அதற்குப் பெயர். எந்தப் பிராணிக்காக அமைத்தார்கள் தெரியுமா? ஓநாய்க்காக! இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1972-இல், இந்திய சர்க்கார் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செய்திருந்தது. எந்தக் கச்சேரியில் ஓநாய்த் தலைக்குப் பணம் கொடுத்தார்களோ, அந்தக் கச்சேரியின் வாரிசுகள் இப்போது ஓநாயைக் கொன்றவனுக்குச் சிறை என்றார்கள். 1976-இல் பீகாரில், இப்போதைய ஜார்க்கண்டில், மகுவாடாண்டிலும் ஓநாய்க்குச் சரணாலயம் ஏற்பட்டது. அண்மையில் கர்நாடகத்தில் கொப்பள் ஜில்லாவில் பங்காபுரத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது.

சட்டமும் சரணாலயமும் இருக்க இனிக் கவலை என்ன என்று கேட்கலாம். கவலை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் புலிகள் சுமார் 3,682. ஓநாய்களோ ஏறக்குறைய 3,000 என்றுதான் விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். புலியைவிட ஓநாய் அபூர்வமாகிவிட்டது! ஆனால் புலிக்குக் காடு இருக்கிறது. காட்டுக்கு வேலியும் காவலும் இருக்கின்றன. ஓநாயில் மிகப் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியே, மனிதர்களின் மேய்ச்சல் வெளியில் வாழ்கிறது.

அந்த வெளிக்குத்தான் ஆபத்து. வரி கொடுக்காத நிலத்தைத் துரைத்தனத்தார் ‘வீண் நிலம்’ என்று எழுதிவைத்தார்கள். நம் கணக்குப் புத்தகத்தில் அது தரிசு, புறம்போக்கு என்று ஆயிற்று. மந்தை மேய்ந்த வெளி என்று பெயர் சூட்டிக்கொண்ட மந்தைவெளி சென்னையில் வீடுகள் நிறைந்த பேட்டையாகிவிட்டது. ஊருக்கு ஊர் இருந்த மேய்ச்சல் புறம்போக்கில் ஒரு பக்கம் கட்டடம் எழுகிறது. ஒரு பக்கம் பசுமை செய்கிறோம் என்று நல்லெண்ணத்தோடு மரம் நடுகிறார்கள். புல்வெளியில் மரம் நடுவது, வயலில் குளம் வெட்டுவதைப் போன்றது. குளம் நல்லதுதான், இடந்தான் தப்பு. பல்லவர்கள் காட்டை வெட்டி வயல் கண்டார்கள். நாம் ஒரு மரத்தையும் வெட்டாமல், புல்லாயிருந்த காட்டைக் காடு என்றே தெரிந்துகொள்ளாமல் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி அந்த நாயைப் பற்றி. திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ண இரண்டு கழுகுகள் வரும் காட்சியைப் பார்க்கத் தேசமெங்குமிருந்து ஜனங்கள் வந்தார்கள். சென்ற நூற்றாண்டின் முடிவோடு அந்த வருகை நின்றுபோயிற்று. தேசம் முழுவதுமே பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் லட்சக்கணக்கில் மடிந்தன. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்கு விஷமாயிற்று. 2006-இல்தான் அதைக் கால்நடைக்குக் கொடுப்பதைத் தடுத்தார்கள். கழுகு விட்ட இரையை நாய்கள் எடுத்துக்கொண்டு பெருகின. அந்த நாய்கள் இப்போது வெளியில் திரிந்து மான்குட்டியைப் பிடிக்கின்றன. ஓநாய்க்கு நோயைக் கொடுக்கின்றன. ஓநாயோடு சம்பந்தமும் செய்துகொள்கின்றன. புனே அருகிலுள்ள புல்வெளிகளில் நாயும் ஓநாயும் கலந்த பிராணிகள் பிறந்திருப்பதை மரபணுச் சோதனையால் உறுதி செய்திருக்கிறார்கள். துப்பாக்கிக்குத் தப்பிய ஓநாய் இப்படியே நாயாகிக் கரைந்து போனாலும் போகலாம்.

*

இவ்வளவையும் படித்த பிறகு, ஓநாயைச் செவிலிமேட்டில் கொண்டுவந்து விட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் பயப்பட வேண்டாம். கழனியும் வீடும் நெருங்கிவிட்ட இடத்தில் அது நடவாது, நடக்கவும் கூடாது. செய்யக்கூடிய காரியம் வேறு. ஓநாய் இன்னும் மிஞ்சியிருக்கும் தக்காண வெளியில், அதைச் சரணாலயம் காப்பாற்றவில்லை. மேய்ப்பன் காப்பாற்றுகிறான். பத்து ஆட்டில் ஒன்று போனாலும், போனது அதன் பங்கு என்று பொறுத்துப் போகிற குறுபரும் தங்கரும் அங்கே இன்றைக்கும் உண்டு. அவர்கள் சாஸ்திரம் படித்தவர்கள் அல்ல. வெளியில் யார் யார் குடியிருப்பவர்கள் என்று தெரிந்தவர்கள்.

ஆனால் தர்மம் முழுவதையும் ஏழை ஒருவன் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. மேய்ப்பனுடைய ஆட்டைத் தின்று ஓநாய் வாழ்கிறது. ஓநாய் வாழ்வதால் பெருமை தேசத்துக்கு. நஷ்டம் மட்டும் மேய்ப்பனுக்கு. அவனுடைய பொறுமைக்கும் எல்லை உண்டு. மகன் படிப்புக்கு விற்க வைத்திருந்த கிடாயை இழந்தவன், மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் நடந்தால், ஒரு நாள் செத்த ஆட்டின் மேல் விஷத்தைத் தடவிவிடுவான். அவனைப் பிடித்துச் சிறையில் போடச் சட்டம் இருக்கிறது. அதைவிடச் சுலபமான வழி, போன ஆட்டின் விலையை அந்த வாரமே அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. அவன் மந்தை மேயும் வெளியைத் தரிசு என்று சொல்லி வேறொருவருக்கு எழுதிவைக்காமல் இருப்பது. ஓநாய்க்கென்று தனியாக வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.